ஒரு மாணவனிடம் நான் கேட்கவேண்டியிருந்த மன்னிப்பு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள். ஏ.எல் பெறுபேறு வந்தபிறகு அடுத்து என்ன என்று தெரியாமல் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கும் பெற்றோர் எப்படியாவது நேரம் எடுத்து வாசியுங்கள்.

போன வாரம் அஸருக்குப் பிறகு ஒரு வாப்பா தன் மகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். மீன் வியாபாரம் செய்பவர். பிள்ளை தொழினுட்பப் பிரிவில் ஏ.எல் எழுதியவள். மூன்று பாடமும் சித்தி. ஆனால் இசட் புள்ளி பல்கலைக்கழகத்துக்குக் காணாது. அவள் கையில் இரண்டு கடதாசிகள் இருந்தன. ஒன்று, மீண்டும் எழுதுபவர்களுக்கான ரியூஷன் வகுப்பின் நோட்டீஸ். மற்றது, தொழினுட்பக் கல்லூரியில் இலத்திரனியல் படிப்பதற்கான விண்ணப்பம்.

“சேர், நீங்க ஒண்டச் சொல்லுங்க. நீங்க சொல்றதத்தான் செய்வம்” என்றார் வாப்பா.

எனக்கு உடனே பதில் வரவில்லை. தேத்தண்ணி கொண்டுவருகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். ஏனென்றால் இதே கதிரையில் இருந்து, இதே வார்த்தையை, 2018 ஜனவரியில் இன்னொரு வாப்பாவும் சொல்லியிருந்தார். அன்று நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். அந்தப் பதில் பிழை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அந்த வாப்பாவின் மகனுக்குப் பத்தாம், பதினோராம் தரங்களில் ‘வடிவமைப்பும் மின், இலத்திரனியல் தொழினுட்பவியலும்’ படிப்பித்தவன் நான். கெட்டிக்காரன் என்று எல்லோரும் சொல்லும் வகைப் பிள்ளை அல்ல. ஆனால் அவனுடைய கை வேறு மாதிரி. ஒருநாள் பாடசாலைக் காலைக்கூட்டத்தில் அம்பிளிபயர் நின்றுவிட்டது. பெட்டியைத் திறந்தவுடன் மூக்கை வைத்து மணந்து பார்த்தான். “இந்தக் கெப்பாசிட்டர்தான் சேர்” என்றான். அதுதான். அன்று மாலையே புதியதைப் பற்றாசு வைத்து ஒட்டிவிட்டுப் போனான்.

ஏ.எல்லில் கணிதப் பிரிவு எடுத்தான். 2016இல் இரண்டு எஸ், ஒரு பாடம் இல்லை. 2017இல் மூன்று எஸ். பெறுபேறு வந்த கையோடு வாப்பாவையும் கூட்டிக்கொண்டு, தொழினுட்பக் கல்லூரி விண்ணப்பத்தையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

நான் சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. “ரேடியோ திருத்தவா மகன் கணிதம் படிச்ச? மூணாந்தரமும் எழுது. கெம்பஸ் கிடைக்கும்.”

விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். ஒன்றும் பேசவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். நம்மூரில் படிப்பு என்றால் டொக்டர், இஞ்சினியர். கிடைக்காவிட்டால் ஏதாவது ஒரு கெம்பஸ். அதுவும் இல்லையென்றால் வெளிநாடு. பாடசாலை மதிலில் கட்டும் பெனரில் கெம்பஸ் போன பிள்ளைகளின் படம் மட்டும்தான் வரும். ஆனால் ஊரை மட்டும் குறை சொல்லி நான் தப்பமுடியாது. எனக்கும் கெம்பஸ் கிடைக்கவில்லை. அதனால்தான் கல்வியியற் கல்லூரிக்குப் போனேன். நல்ல தொழில், அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் அந்தக் காயம் உள்ளே கிடந்தது. அதைக் கொண்டுபோய் ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டேன்.

அவன் மூன்றாந்தரமும் எழுதினான். கல்முனையில் மூன்று பாடத்துக்கும் வகுப்பு. அதற்கு அவன் உம்மா தன் இரண்டு காப்புகளையும் அடகு வைத்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பெறுபேறு முந்தியதை விடக் குறைவு.

2019இல் அதே தொழினுட்பக் கல்லூரியில் அதே கற்கைநெறிக்குச் சேர்ந்தான். ஒரு வருடம் கழித்து, தொழிற்சாலைப் பயிற்சிக்குப் போன சில வாரங்களில் கொரோனா வந்து எல்லாம் மூடப்பட்டது. ஊருக்குத் திரும்பி மரக்கறி லொறியில் போனான். முதலில் கேட்ட அந்த வருடமே சேர்ந்திருந்தால் 2019 முடிவதற்குள் பயிற்சியும் முடிந்து கையில் சான்றிதழோடு இருந்திருப்பான். கொரோனா அல்லாஹ்வின் நாட்டம். அந்த ஒரு வருடத்தை இழக்கவைத்தது என் வாய்.

இப்போது அவன் மேல்மாகாணத்தில் ஒரு தொழிற்சாலையில் தொழினுட்பவியலாளர். இலத்திரனியல் சுற்றுப்பலகைகள் பொருத்தி ஏற்றுமதி செய்யும் இடம். போன ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில் வந்தவனை, வகுப்புப் பிள்ளைகளோடு கொஞ்சம் பேசச் சொல்லிப் பாடசாலைக்குக் கூப்பிட்டேன். பிள்ளைகளுக்கென்று கூப்பிட்டேன், படித்தது நான்.

என் மேசையில் கிடந்த ஐசி ஒன்றை வழமைபோல விரலால் எடுத்துக் காட்டினேன். “சேர், அங்க இப்படித் தொட்டா என்னை வெளியில போடுவாங்க” என்று சிரித்தான். பிறகு பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தினான்.

நம் உடம்பில் நிலைமின் சேரும். கதவுப்பிடியைத் தொடும்போது சுருக்கென்று அடிக்கிறதே, அது நமக்கு உணரும் அளவுக்கு வர ஏறக்குறைய 3,000 வோல்ற்று வேண்டும். ஆனால் சில சிப்கள் 100 வோல்ற்றுக்கும் குறைவிலேயே பழுதாகிவிடும். அதாவது நமக்குத் தெரியாமலே அதைக் கொன்றுவிடலாம். உடனே சாகாவிட்டாலும் காயப்பட்டு, வாங்கியவரின் வீட்டில் ஆறு மாதம் கழித்துச் சாகலாம். அதற்காகத்தான் மணிக்கட்டில் ஒரு பட்டி கட்டி, வயர் மூலம் புவியுடன் இணைத்துவிடுவார்கள். அந்த வயரோடு ஒரு மெகா ஓம் தடையி இருக்கும். அது சிப்புக்காக அல்ல, கட்டியிருக்கும் மனிதனுக்காக. தவறுதலாக மின் தொட்டால் உடம்பினூடாகப் பெரிய ஓட்டம் பாயாமல் தடுக்கும்.

ஒரு பிள்ளை கேட்டாள்: “இங்க எங்களுக்கு அப்படி அடிக்கிறதே இல்லையே?” அவன் சொன்னான்: “கடற்கரைக் காத்து ஈரம். சேந்த மின் தானாக் கசிஞ்சு போயிரும். ஏசி போட்ட அறையில காத்துக் காஞ்சது. அங்க போய்ப் பாருங்க.”

ஓமின் விதி பல வருடங்களாகப் படிப்பிக்கிறேன். தடையின் பெறுமானம் கூடினால் ஓட்டம் குறையும் என்று கரும்பலகையில் எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். அது ஒரு மனிதனின் மணிக்கட்டில் உயிர்காக்கும் வேலை செய்கிறது என்று ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. எனக்குத் தெரியாது. நான் பயிற்சி பெற்ற காலத்தில் அலைவுகாட்டி ஒன்று இருந்தது, அலுமாரிக்குள், பூட்டோடு. பழுதாகிவிடும் என்ற பயம். பி-என் சந்தியைப் படமாக வரைந்தோம், பரீட்சை எழுதினோம், சித்தியடைந்தோம். நம் பாடசாலை ஆய்வுகூடத்துக்கு வந்த சாமான்களில் பாதியை நானும் அப்படித்தான் பூட்டி வைத்திருந்தேன்.

பற்றாசைப் பற்றி அவன் சொன்னதையும் எழுதவேண்டும். நாம் வகுப்பில் பாவிக்கும் பழைய வகை, வெள்ளீயமும் ஈயமும் கலந்தது, 183 பாகையில் உருகும். அங்கே பாவிப்பது ஈயம் இல்லாதது. 217 பாகை அளவில் உருகும். சுற்றுப்பலகையில் பற்றாசுப் பசையை அச்சடித்து, கடுகிலும் சிறிய பாகங்களை இயந்திரம் வைத்து, நீளமான சூளைக்குள் பலகையை அனுப்புவார்கள். எந்த இடத்தில் எத்தனை பாகை, எத்தனை செக்கன் என்று ஒரு வரைபு இருக்கும். சூடு குறைந்தால் மூட்டு ஒட்டாது. கூடினால் பாகம் கெட்டுவிடும். அந்த வரைபைப் பார்த்து, எங்கே பிழை என்று கண்டுபிடித்து, செய்ததை எழுதி வைப்பதுதான் அவனுடைய வேலை.

“எழுதி வைக்கிறதுதான் சேர் பெரிய வேல. கை வேல பாதி, எழுத்து வேல பாதி” என்றான்.

அவன் கொண்டுவந்த வெற்றுச் சுருளொன்றில் ஒரு சிப்பின் பெயரும், அதன் கீழ் மலேசியா என்றும் இருந்தது. அதை வைத்துத்தான் மிச்சக் கதையை நான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

சிப் செய்வது இரண்டு பெரிய பகுதி. முதலாவது, சிலிக்கன் தட்டில் சுற்றுகளை உருவாக்குவது. தூய சிலிக்கனில் பொசுபரசு அல்லது போரன் அணுக்களை அளந்து சேர்ப்பார்கள். பத்து இலட்சம் சிலிக்கன் அணுவுக்கு ஒன்று சேர்ந்தாலே அதன் கடத்தும் குணம் தலைகீழாக மாறிவிடும். வேண்டிய மாசே இவ்வளவு நுணுக்கம் என்றால், வேண்டாத தூசு என்ன செய்யும் என்று யோசியுங்கள். அதனால்தான் தூய அறை. 5ஆம் தர அறை ஒன்றில், ஒரு கன மீற்றர் காற்றில் அரை மைக்ரோமீற்றரும் அதற்கு மேலும் பருமனுள்ள துணிக்கைகள் 3,520க்கு மேல் இருக்கக்கூடாது. நாம் இருக்கும் அறையில் அது கோடிக்கணக்கில் போகும்.

இரண்டாவது பகுதி, அந்தத் தட்டைச் சிறு சிறு துண்டாக வெட்டி, தலைமயிரிலும் மெல்லிய கம்பிகளால் இணைத்து, கறுப்புப் பொதிக்குள் அடைத்து, ஒவ்வொன்றாகச் சோதிப்பது. இதில் மலேசியா பெரிய ஆள். உலகில் நடக்கும் சிப் பொதியிடல், சோதனை வேலையில் சுமார் 13 வீதம் அங்கே நடக்கிறது என்று சொல்லப்படுகிறது.

இது அவர்களுக்கு வானத்திலிருந்து விழவில்லை. பினாங்கில் 1969இல் சுதந்திரத் துறைமுக அந்தஸ்து போய், வேலையில்லாத் திண்டாட்டம் தலைக்கு மேல் போனது. 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தார்கள். இன்டெல் தன் முதலாவது வெளிநாட்டுப் பொருத்தும் தொழிற்சாலையை அங்கேதான் வைத்தது. ஆரம்பத்தில் வேலைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலானோர் கிராமத்துப் பெண்கள். வேலை வந்தபிறகு, பயிற்சி காணாது என்று விளங்கிக்கொண்டார்கள். 1989இல் பினாங்கு திறன் அபிவிருத்தி நிலையத்தை உருவாக்கினார்கள். அதன் விசேஷம், கம்பனிகளே சேர்ந்து என்ன படிப்பிக்கவேண்டும் என்று தீர்மானித்ததும், பயிற்சிக்கான இயந்திரங்களைப் பகிர்ந்துகொண்டதும்தான். பிள்ளை படித்து முடித்துப் போய் நிற்கும் இயந்திரமும், அவன் படித்த இயந்திரமும் ஒன்றாக இருந்தன.

நமக்கும் ஒரு வாசல் திறந்துதான் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் மோட்டரோலா, ஹரிஸ் என்ற இரண்டு அமெரிக்கக் கம்பனிகள் இலங்கையில் குறைகடத்தித் தொழிற்சாலை அமைக்க வந்தன. 1983 ஜூலையில் நாடு எரிந்தது. அந்தத் திட்டங்களும் அதோடு போயின. நான் அப்போது பிறந்திருக்கவும் இல்லை. ஆனால் அந்தச் சுருளில் ‘மலேசியா’ என்று வாசித்தபோது, அந்த இடத்தில் நம் நாட்டின் பெயர் இருந்திருக்கலாமே என்று நெஞ்சு கனத்தது.

அதற்காக, இனி ஒன்றும் இல்லை என்று சொல்ல வரவில்லை. 2022இல் அமெரிக்காவின் அரிசோனாவில், இன்டெல் கம்பனியோடு சேர்ந்து மாரிகோப்பா சமுதாயக் கல்லூரிகள் சிப் தொழிற்சாலைத் தொழினுட்பவியலாளர்களுக்கு ஒரு அறிமுகப் பயிற்சி தொடங்கின. எத்தனை நாள் தெரியுமா? பத்து நாள். பட்டம் இல்லை, இசட் புள்ளி இல்லை. அவ்வளவு பெரிய நாட்டுக்கே, இஞ்சினியர் மட்டும் இருந்தால் தொழிற்சாலை ஓடாது, இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும் கை வேண்டும் என்று விளங்கியிருக்கிறது.

நம் நாட்டிலும் பாதை இருக்கிறது. என்.வி.கியூ மட்டங்கள் ஏழு. முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். நான்காம் மட்டத்தோடு வேலைக்குப் போன பிள்ளை, பிறகு ஐந்து, ஆறு என்று ஏறி, இரத்மலானையிலுள்ள தொழில்சார் தொழினுட்பவியல் பல்கலைக்கழகம் வரை போகலாம். ஓ.எல் சித்தியடையாத பிள்ளைக்குக்கூட 13 வருட உத்தரவாதக் கல்வியில் தொழில்சார் பிரிவு இருக்கிறது. நான் அன்று ‘ரேடியோ திருத்துவது’ என்று தள்ளிவிட்டது இந்த ஏணியின் ஒரு படியை. ஏணி இருக்கிறது என்பதை ஒரு இலத்திரனியல் ஆசிரியரான நானே தேடிப் பார்த்திருக்கவில்லை.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நம் நாட்டில் சிப் தட்டு செய்யும் பெரிய தொழிற்சாலை இல்லை. இலத்திரனியல் படித்த பிள்ளை போகும் இடம், பொருத்தும் தொழிற்சாலை, பராமரிப்பு, தொலைத்தொடர்பு, சூரிய மின் என்று இருக்கும். தொடக்கச் சம்பளம் பெரிதில்லை. இரவு ஷிப்ட் இருக்கிறது. ஜும்ஆவுக்குப் போக நண்பனிடம் சொல்லி ஷிப்ட் மாற்றவேண்டியிருக்கும். அவனுக்கு முதல் ஆறு மாதமும் மிகக் கஷ்டப்படுத்தியது சுற்றுப்பலகை அல்ல, மொழி. மேற்பார்வையாளர் பேசுவது சிங்களம், கைநூல் ஆங்கிலம். “ரூமில அழுதிருக்கன் சேர்” என்றான். நம் பிள்ளைகளை அனுப்புவதென்றால் இந்த இரண்டு மொழியையும் இங்கேயே கொஞ்சமாவது கொடுத்து அனுப்பவேண்டும்.

இனி அந்த மீன் வியாபாரியின் மகளிடம் வருகிறேன். தேத்தண்ணியோடு திரும்பி வந்து, முதலில் பிள்ளையிடம் கேட்டேன்: “மகள், உங்களுக்கு என்ன விருப்பம்?” 2018இல் அந்தப் பையனிடம் நான் கேட்காத கேள்வி அது.

அவள் வாப்பாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக விண்ணப்பத்தைக் காட்டினாள்.

வாப்பா தலையைச் சொறிந்தார். “பொம்புளப் புள்ள சேர். இதெல்லாம் ஆம்புளயள்ர வேலதானே. அங்க உடுப்பு என்ன மாதிரியோ, ஆக்கள் என்ன மாதிரியோ.”

நியாயமான கேள்வி. நக்கலடிக்கக் கூடாது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சிப் செய்யும் தூய அறையில் ஆணும் பெண்ணும் தலையிலிருந்து கால்வரை மூடித்தான் நிற்கவேண்டும். கண் மட்டும்தான் வெளியே தெரியும். பவுடர், சுர்மா எதுவும் பூசிக்கொண்டு போகமுடியாது, அதிலிருந்தும் துணிக்கை பறக்கும். நம் பிள்ளையின் உடுப்பு அங்கே பிரச்சினையே இல்லை. பினாங்கில் இந்தத் தொழிலைத் தூக்கி நிறுத்தியவர்களில் பெரும்பகுதி மலாய் முஸ்லிம் பெண்கள். தங்குமிடம், பயணம் பற்றி அவர் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. அதற்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. “நீங்களே ஒருக்கா போய்ப் பாருங்க. கல்லூரியையும் பாருங்க, பயிற்சிக்கு அனுப்புற இடத்தையும் கேளுங்க. பாத்திட்டு முடிவெடுங்க” என்றேன்.

பிறகு அந்தப் பையனின் கதையைச் சொன்னேன். என் பிழையையும் சேர்த்துத்தான். வாப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “மறுகா அந்தக் காப்பு?” என்று கேட்டார்.

இரண்டு வருடம் வேலை செய்து, அவனே மீட்டுக் கொடுத்தான். அதுவும் அவன் சொல்லித் தெரியவில்லை. பெருநாளன்று அவன் வீட்டுக்குப் போனபோது உம்மா கையை நீட்டிக் காட்டினார். “மகன் எடுத்துத் தந்த, சேர்” என்றார் சந்தோஷமாக. எதற்காக அடகு போனது என்று நான் கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க நல்லதுக்குத்தானே சொன்னயள்” என்று என்னைத் தேற்றினார். நல்லதுக்குத்தான் சொன்னேன். தெரியாமல் சொன்னேன்.

அன்று முற்றத்தில் வைத்து அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் கதைக்காதீங்க சேர்” என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளைக்கு வழிசொல்லும் முன் அந்த வழியில் ஒருமுறையாவது நடந்து பாருங்கள். பக்கத்துத் தொழினுட்பக் கல்லூரிக்கு ஒரு சனிக்கிழமை போய்வருவது பெரிய காரியம் இல்லை. பூட்டிவைத்த சாமான்களைத் திறந்து பிள்ளைகளின் கையில் கொடுங்கள், உடைந்தால் உடையட்டும். நான் போன மாதம்தான் திறந்தேன். பெற்றோரே, மூன்றாந்தரம் எழுதுவது பிழை என்று நான் சொல்லவில்லை. பிள்ளை விரும்பி எழுதினால் துஆச் செய்து எழுதவையுங்கள். என்னைப் போன்ற ஒரு சேர் சொன்னதற்காக மட்டும் எழுதவைக்காதீர்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினரே, அடுத்த பெனரில் என்.வி.கியூ முடித்த பிள்ளையின் படத்துக்கும் ஒரு இடம் வையுங்கள்.

அந்த மகளும் வாப்பாவும் நேற்றுக் கல்லூரியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். இன்னும் முடிவெடுக்கவில்லை. உம்மாவோடு பேசவேண்டுமாம். பேசட்டும், இன்ஷா அல்லாஹ்.

இந்தப் பதிவை அவனுக்கு அனுப்பி, சம்மதம் கேட்டபிறகுதான் போடுகிறேன். ஒரேயொரு திருத்தம்தான் சொன்னான்: “பேரப் போட்டுராதீங்க சேர். மறுகா பெருநாளுக்கு வந்தா ஊர் முழுக்க ரேடியோவத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க.”